கெத்சியாவின் ஐந்தாம் அத்தியாயம்

ஜூலை 8

இன்று அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலை முன்னறையில் போட வேண்டும் என்றால் என் புத்தக அலமாரியை நகர்த்தியாக வேண்டும். நகர்த்தினோம். ஐரிஷ் நாவல்கள் எல்லாம் இப்போது அவர் தலைமாட்டில் நிற்கின்றன.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் கிடையாது. என் ஆய்வு நெறியாளர் மங்கையர்க்கரசி மேடம்தான் போனில் சொன்னார்: ஆய்வேடு எழுத முடியாவிட்டால் போகட்டும், தினமும் எதையாவது எழுது, கை மறந்துவிடக் கூடாது என்று. ஆகவே நிலவரத்தை எழுதி வைக்கிறேன்.

என் கணவர் பொன்சிங் அரசுப் பேருந்து நடத்துநர். போன மாதக் கடைசியில் திசையன்விளை வண்டியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் வலுவிழந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. "எறங்கு." தண்ணீர் வேண்டும் என்றாலும் எறங்கு, முதுகு வலித்தாலும் எறங்கு, மகள் ஒலிவாவைக் கூப்பிடவும் எறங்குதான். சிலருக்கு இப்படி ஒரு சொல் மாட்டிக்கொள்ளும் என்றும், பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர். ஒன்பது வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைப்பு, நவீன ஐரிஷ் புனைகதையில் நகைச்சுவையும் மனிதர்களின் தாங்கும் சக்தியும். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இந்த டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நான்கு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. ஐந்தாவது பாக்கி. நோயில் கிடப்பவர்களும் சாகக் கிடப்பவர்களும் சிரிக்கிறார்களே, அதைப் பற்றியது.

எனக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார், "எங்க வீட்டுல சிரிப்பப் பத்தி ஆராய்ச்சி நடக்கு. சத்தம் போடாதீய."

ஜூலை 11

அவருடைய காக்கிச் சட்டைகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து வைத்தேன். அழுக்கோடு வைத்தால் பூச்சி அரிக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர், ஐயர்வாள் என்போம், மூப்பர்களோடு வந்தார். உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் அழத் தொடங்கினார்கள். அழுகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐயர்வாள் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தார். அவர் நீண்ட ஜெபத்துக்குப் பேர்போனவர். நடுவில் குரலை உயர்த்தி, "ஆண்டவரே, இந்த வீட்டில் இறங்கி வாரும்" என்றார்.

"எறங்கு" என்றார் இவர்.

ஐயர்வாள் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இறங்கும் சுவாமி, இந்தப் படுக்கையண்டை இறங்கும்" என்று இன்னும் உரக்கக் கேட்டார். இவரும் விடவில்லை. "எறங்கு, எறங்கு." மூப்பர்கள் அல்லேலூயா சொன்னார்கள். சபையில் இத்தனை வருடமும் பின் வரிசையில் தூங்கிய மனிதர் ஒரே மாதத்தில் இவ்வளவு விசுவாசத்துக்கு வந்துவிட்டாரே என்று ஐயர்வாளுக்குப் பரவசம். ஜெபம் இரட்டிப்பாக நீண்டது. ஒலிவா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

எல்லோரும் போன பிறகு அவளைக் கண்டித்தேன். அப்பா அவரை வீட்டை விட்டு இறங்கச் சொன்னார் அம்மா, அது உனக்குப் புரியவில்லையா என்று கேட்டாள். கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 29

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஃபர்ஹானா என்ற பெண் வாரம் இரண்டு முறை வருகிறாள். நல்ல பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பசுமாடு, வாழைப்பழம், குடை. எல்லாம் எறங்கு. அது தவறு என்று அவருக்கே தெரிகிறது. குடை என்றுதான் வாயைத் திறக்கிறார், எறங்கு என்று வருகிறது. கடைசியில் அட்டைகளை இடது கையால் வாரி எறிந்துவிட்டார்.

ஃபர்ஹானா போகும்போது வாசலில் நின்று எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். அவருக்கு எது வேண்டும் என்று தெரிந்தாலும் உடனே எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். நாம் பாதி வாக்கியம் சொல்லி நிறுத்தவேண்டுமாம். மீதியை அவர் சொல்லும்வரை காத்திருக்கவேண்டுமாம். "பாவம் பாக்காதீங்க மேடம், பாவம் பாத்தா பேச்சு வராது" என்றாள்.

எனக்கு அது கஷ்டமில்லை. பாவம் பார்க்காமல் விடைத்தாள் திருத்திப் பழகியவள்தான்.

ஆகஸ்ட் 6

ஐந்தாம் அத்தியாயத்துக்கு நான்கு வருடத்துக்கு முன்பு எழுதி வைத்திருந்த முன்னுரையை எடுத்தேன். முதல் வரி: "துன்பத்தைத் தாங்கும் ஆற்றலை நகைச்சுவை மனிதனுக்கு வழங்குகிறது." அடித்துவிட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை.

மலப் பாத்திரம் கழுவுவதற்கு நீண்ட கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்று வாங்கினேன். மிக வசதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14

சுடலைமுத்து வந்தான். இவருடைய வண்டியை ஓட்டும் டிரைவர். என்னை மைனி என்பான், இவரை அண்ணன் என்பான். இத்தனை நாள் வராததற்குக் காரணம் கேட்டேன். பயமாக இருந்தது என்றான்.

உள்ளே வந்ததும் அழுவான் என்று நினைத்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டைக்கு ஆரம்பித்தான்.

"ஒம்ம எடத்துல போட்டிருக்க ஆளு விசிலே ஊதமாட்டேங்கான் அண்ணே. நான் பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டேன். நாங்குநேரி தாண்டித்தான் பாக்கேன், அவன் வண்டியில இல்ல. அங்க நின்னு டீ குடிச்சிட்டிருக்கான். இதுக்கு நீரு என்ன சொல்லுதீரு?"

"எறங்கு" என்றார் இவர், உன் கண் எங்கே போச்சு என்கிற குரலில்.

"கண்ணாடில பாத்தா ஆள் தெரியுமா? நீரு மட்டும் யோக்கியமோ?"

"எறங்கு, எறங்கு."

இப்படியே போயிற்று. அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். கோபித்தார், கேலி செய்தார், ஒரு இடத்தில் சமாதானம்கூடச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ஆனால் ராகம் வேறு வேறு. ஒரு மாதமாக அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குத்தான் அந்தச் சொல் மட்டுமே காதில் விழுந்திருக்கிறது.

தோசை ஒன்று கருகிவிட்டது. அதை நானே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2

படத்து அட்டைகளை ஃபர்ஹானாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பசுமாட்டைப் பற்றிச் சொல்ல இவருக்கு எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததில்லை. கதை கேட்பார். நான் எந்த நாவலைப் படித்தாலும் சாப்பிடும்போது கதையைச் சொல்லச் சொல்லி, அதைக் கிண்டல் செய்து என்னை எழுந்து போகவைப்பது அவர் வழக்கம். இன்று தலைமாட்டு அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துக் கதையைத் தமிழில் சொன்னேன்.

அண்ணனும் தம்பியும். வேலித் தகராறில் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. வீடு ஒன்றே, நடுவில் சுண்ணாம்பால் கோடு போட்டு ஆளுக்குப் பாதி. மழையான மழை. அண்ணன் செத்துப்போகிறான். ஊரார் சவப்பெட்டி செய்து, வெறும் பெட்டியைச் சாய்த்து உள்ளே கொண்டுவருகிறார்கள். அவனை உள்ளே வைத்து ஆணி அடித்துத் தூக்கினால் பெட்டி வாசலில் கொள்ளவில்லை. அகலம் அதிகம். பங்கிட்ட தம்பி தன் பாதி வழியாகக் கொண்டுபோக விடமாட்டேன் என்கிறான். பாதிரியார் நனைந்துகொண்டு வெளியே நிற்கிறார். ஊரே நின்று யோசிக்கிறது.

"கடைசியில பெட்டிய அவங்க..." என்று சொல்லி நிறுத்தினேன்.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். எறங்கு என்றார், மேலே சொல் என்கிற ராகத்தில். நான் போய் அரிசி களைந்தேன்.

செப்டம்பர் 3

சொல்லவில்லை.

செப்டம்பர் 9

இன்னும் சொல்லவில்லை. அவர் என்னிடம் மருந்து வாங்கிக் குடிக்க மறுக்கிறார். ஒலிவா கொடுத்தால் குடிக்கிறார். அந்தக் கதையின் முடிவைத் தன்னிடமாவது சொல்லும்படி அவள் கெஞ்சினாள். அவளிடம் சொன்னால் அவரிடம் சொல்லிவிடுவாள். நாவலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அவருடைய அண்ணன் ஏசுவடியான் அத்தான் வந்திருந்தார். சீக்காளியைப் பட்டினி போடுகிற மாதிரி இருக்கிறது இது என்றார். நான் ஃபர்ஹானா சொன்னதைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

செப்டம்பர் 19

காலையில் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு நுரை போட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வாயைத் திறந்தார், மூடினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு வந்தது. நான் உதவி செய்யவில்லை.

"க... கழட்டு" என்றார்.

சவரக் கத்தியைக் கழற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டி மறுத்தார். இடது கையால் வாசலைக் காட்டினார். "கதவு. கழட்டு."

கத்தியைக் கீழே வைத்தேன்.

நாவலில் சவப்பெட்டியைத் தம்பியின் பாதியில் இருந்த அகலமான சன்னல் வழியாக இறக்குவார்கள். அதற்குள் தம்பி இரண்டு பாதிகளுக்கும் நடுவே கிடந்த சுண்ணாம்புக் கோட்டில் வழுக்கி விழுந்து, எழுந்து, தானே ஒரு பக்கம் தோள் கொடுப்பான். பதினெட்டுப் பக்கம். கதவைக் கழற்றலாம் என்று அதில் யாருக்கும் தோன்றவில்லை.

கதவு பிரச்சினை இல்லை, நிலைதான் குறுகல், கல் நிலை, கதவைக் கழற்றினாலும் அகலம் கூடாது என்று அவருக்கு விளக்கினேன். நெடுநேரம் விளக்கினேன். அவர் நுரை போட்ட முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எறங்கு" என்றார். உன் படிப்பைக் கொண்டு குப்பையில் போடு என்கிற ராகம்.

புதுச் சொல் இரண்டு. ஃபர்ஹானாவுக்குப் போன் செய்தேன். என்னால் தொடர்ந்து பேச முடியவில்லை, லைன் சரியில்லை, ஒலிவாதான் சொன்னாள்.

அக்டோபர் 7

வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி.

அக்டோபர் 8

எறங்குகூட இல்லை.

அக்டோபர் 11

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கண் திறந்திருக்கிறது. வாய் திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் பார்வைதான்.

கிரைண்டரைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவினேன். பரண் மேல் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்கினேன். அடுக்களைச் சுவரையும் துடைத்தேன். ஒலிவா வந்து என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 13

ஏசுவடியான் அத்தான் நிதானமாகப் பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார். "இந்த வயசுல ஒனக்கு டாக்டர் பட்டம் எதுக்கு கெத்சியா? அவனப் பாத்துக்கிட்டா போதாதா? ஒரு வேலைய விட்டாத்தான் இன்னொன்னு நடக்கும்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் போனதும் சாப்பாட்டு மேசையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டேன். பீரோவைத் திறந்து நாவலை எடுத்தேன். ஐந்தாம் அத்தியாயம் என்று ஒரு புதுத் தாளில் எழுதினேன். இரண்டு வேலையையும் ஒரே மேசையில் செய்ய முடியும். இடப்பக்கம் கஞ்சி, வலப்பக்கம் தாள்.

அக்டோபர் 16

ஒரு பக்கம்.

அக்டோபர் 17

அடித்தது போக முக்கால் பக்கம். எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு அவருக்காகத் தமிழில். கேட்கிறாரா என்று தெரியவில்லை. கேட்காவிட்டாலும் வாக்கியம் எங்கே முடமாகிறது என்று எனக்குத் தெரிகிறது.

அக்டோபர் 24

இன்று இந்தப் பகுதியைப் படித்தேன்: இந்த நாவல்களில் சாகக் கிடப்பவர்கள் சிரிப்பது தைரியத்தினால் அல்ல. பார்க்க வந்தவர்கள் அவ்வளவு அபத்தமாக நடந்துகொள்கிறார்கள், அதனால்தான். உதாரணத்துக்கு நாவலில் வரும் பாதிரியாரைச் சொல்லிக்கொண்டு வந்தவள், எப்படியோ எங்கள் ஐயர்வாள் ஜெபித்ததையும் சொல்லிவிட்டேன். அவர் மாதிரியே குரலை ஏற்றிச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மிமிக்ரி வராது. ஒரு மாதிரி ஆட்டுக்குட்டி போலக் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் வலிப்போ என்று பாய்ந்து எழுந்தேன். மேசையிலிருந்த கஞ்சி தாள்மேல் கொட்டிவிட்டது.

சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பக்கம்தான் சிரித்தது. கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல். "எறங்கு" என்றார் கடைசியில், இன்னொரு முறை செய் என்கிற ராகத்தில்.

செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும்வரை செய்தேன்.

கஞ்சி பட்ட பக்கத்தைத் திரும்ப எழுதவேண்டும்.

நவம்பர் 15

சொற்கள் திரும்பி வருகின்றன, வரிசையில்லாமல். கதவு, கழட்டு, டீ, மண்டை, ஒலிவா, போதும். போதும் என்பதை நான் ஆங்கிலத்தில் படிக்கும்போது அதிகம் பயன்படுத்துகிறார். நாலு கால் ஊன்றுகோலோடு வாசல் வரை நடந்தார். சுடலைமுத்து பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிப்பவன் போலப் போனான்.

நவம்பர் 28

மேடம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். முதல் நான்கு அத்தியாயங்களைப் படித்தபோது வராத சிரிப்பு இதைப் படித்தபோது வந்ததாம். நீதான் எழுதினாயா என்று கேட்டார். நானேதான் எழுதினேன், தரவுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன என்றேன்.

டிசம்பர் 29

கொடுத்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொண்ட எழுத்தர் தலையே நிமிரவில்லை. ஒன்பது வருடம், அவர் ஒரு ரப்பர் முத்திரை குத்தினார். திரும்பும் வழியில் என் வீட்டுக்காரருக்குப் பிடித்த அல்வா வாங்கினேன். மென்று விழுங்குவதற்கு நல்லது என்று ஃபர்ஹானாவும் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 18

இன்று வாய்மொழித் தேர்வு. நடந்ததை விட்டுவிடாமல் எழுதி வைக்கிறேன்.

அவர் வந்தே தீருவேன் என்றார். அதாவது, காலையிலேயே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுடலைமுத்து லீவு போட்டுவிட்டு வாடகை ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தான். ஒலிவாவுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. கல்லூரி அரங்கில் இவர்கள் இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்குப் பழைய பட்டுப்புடவை. தாள்களைக் கோப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

புறத்தேர்வாளர் வேறு பல்கலைக்கழகத்துக்காரர், மெல்லிய குரல். ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்து ஓர் அடிக்குறிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். சவப்பெட்டிக் காட்சியைப் பற்றியது. "கதவைக் கழற்றியிருக்கலாம் என்பது ஒரு வாசகரின் கருத்து. நிலை கல்லால் ஆனது என்ற என் மறுப்பை அவர் ஏற்கவில்லை." இந்த வாசகர் யார், எந்தத் துறை என்று கேட்டார்.

போக்குவரத்துத் துறை, முதல் வரிசையில் நீலச் சட்டை என்றேன். அரங்கம் முழுவதும் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நான் கேட்டதற்குப் பதில்தான் சொன்னேன்.

பிறகு அவர் நேரான கேள்வி ஒன்று கேட்டார். சிரிப்பு துன்பத்தைக் குறைக்கிறது என்பதுதானே உங்கள் முடிவு? இல்லை என்றேன். இந்த நாவல்களில் சிரித்ததால் யாரும் பிழைக்கவில்லை, யாருடைய வலியும் குறையவில்லை. சிரித்துவிட்டு எழுந்து போய் மாட்டைக் கறக்கிறார்கள். அப்படியானால் அதனால் என்னதான் பயன் என்றார். ஒன்பது வருடமாகத் தேடினேன், பயன் என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் அந்த மனிதர்களில் ஒருவர்கூட அதை விட்டுவிட்டுப் போகவில்லை என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வேட்டை மூடி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அறிவித்தார்கள். எல்லோரும் என்னை டாக்டர் என்று கூப்பிட்டுக் கேசரியும் மிக்சரும் சாப்பிட்டார்கள். மேடம் என்னைக் கட்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் ஆட்டோவில் ஏறவில்லை. ஊன்றுகோலால் எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தைக் காட்டினார். வேண்டாம் என்றேன், படி உயரம், கூட்டம் இருக்கும், எல்லாக் காரணமும் சொன்னேன். "போதும்" என்றார். சுடலைமுத்து என்னைப் பார்த்து, "ஏத்திருவோம் மைனி" என்றான்.

ஏற்றினோம். நேரம் எடுத்தது. உள்ளே சிலர் சலித்துக்கொண்டார்கள், அவர் அவசரப்படவில்லை. முன் இருக்கை இரண்டு காலியானது. நாங்கள் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த பெரிய அம்மாள் அவருடைய கையையும் காலையும் பார்த்துவிட்டு இரக்கத்தோடு விசாரித்தார், "ஆஸ்பத்திரில இருந்தா வாறீய?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அந்த அம்மாள் காத்திருந்தார். பின்னால் இருந்தவர்களும் என்ன என்று பார்த்தார்கள். வண்டி ஒரு நிறுத்தம் போய் ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டும்விட்டது.

"ஆமா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "டாக்டர... வீட்டுக்கு... கூட்டிட்டுப் போறேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அந்த அம்மாள் என் பட்டுப்புடவையையும் மடியில் இருந்த கோப்பையும் பார்த்தார். "டாக்டரம்மாவா? எனக்கு இந்த முட்டு ரெண்டும் ஒரு வருசமா ஒரே வலி பாத்துக்கிடுங்க. படி ஏற முடியல" என்று சேலையை லேசாக உயர்த்திக் காட்டினார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மிகுந்த அக்கறையோடு சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஏறும்போது அதிகம் வலிக்கிறதா, இறங்கும்போதா என்று கேட்டேன். சம்மணம் போட்டு உட்காராதீர்கள், தினமும் காலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள், குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள் என்றேன். அந்த அம்மாள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, உங்கள் கிளினிக் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.

"கிளினிக் கெடையாதும்மா. வீட்டுல ஒரே ஒருத்தரத்தான் பாக்கேன்" என்றேன்.

பின் இருக்கையில் சுடலைமுத்து இருமத் தொடங்கினான். என் பக்கத்தில் ஒரு தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, மார்க்கெட் நிறுத்தம் வரும்வரை.